குழந்தையின் இருமலுக்குத் துய்னா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். இரண்டு பேரும் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கீழ்மாடியில் இருக்கும் சீனப் பாட்டி ஒருவர்தான், "கையைத் தேய்க்கிற இடத்துக்குக் கூட்டிப் போ" என்று சொன்னார். துய்னா என்ற சீனத் தடவல் வைத்தியம் செய்யும் இடம் அது. போனேன், பார்த்தேன், பெற்றோருக்கான வகுப்பு ஒன்றிலும் உட்கார்ந்தேன். அதிலிருந்து தெரிந்த அம்மாக்கள் எல்லாம் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இனிமேல் இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

துய்னா என்றால் மசாஜ்தானே?

மசாஜ் என்றதும் நமக்கு எண்ணெயும் உருவிவிடுவதும் நினைவுக்கு வரும். குழந்தைகளுக்கான துய்னா அப்படி இருக்காது. "துய்" என்றால் தள்ளுவது, "னா" என்றால் பிடிப்பது. பெரியவர்களுக்குச் செய்யும்போது முழங்கையெல்லாம் வைத்து அழுத்துவார்கள். குழந்தைக்குப் பெரும்பாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி, நடுவிரல்களும் போதும். விரல், உள்ளங்கை, முன்கை, நெற்றி, நெஞ்சு, முதுகு ஆகிய இடங்களில் லேசாக, வேகமாக, நூற்றுக்கணக்கான தடவை ஒரே அசைவைச் செய்வார்கள்.

இது சீனாவில் மிங் அரச காலத்தில் தனித் துறையாக வளர்ந்தது. 1571-இல் அரசவை மருத்துவக் கழகத்தில் இருந்த பிடித்துவிடும் துறையை ஒழித்துவிட்டார்கள். குழந்தை மருத்துவத்தில் மட்டும் அந்தக் கலை தங்கிப்போனது. 1601-இல் யாங் ஜிஜோ தொகுத்து வெளிவந்த பெரிய அக்குபஞ்சர் நூலின் கடைசிப் பகுதியில் குழந்தைகளுக்கான தடவல் முறைகள் சேர்க்கப்பட்டன. இன்று கிடைப்பவற்றில் அதுதான் மிகப் பழைய முழுப் பதிவு. கசப்புக் கஷாயத்தைக் குடிக்க மறுக்கிற, ஊசியைக் கண்டால் அலறுகிற பிள்ளைகளுக்கு வேறு என்ன செய்வது என்று அன்றைய வைத்தியர்களும் யோசித்திருப்பார்கள்.

இருமுவது நெஞ்சு. விரலைத் தேய்த்தால் என்ன ஆகும்?

வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வியும் இதுதான். குழந்தையின் கை ஒரு சின்ன உடம்பு என்பது அவர்கள் கணக்கு. கட்டைவிரல் மண்ணீரலுக்கு, ஆள்காட்டி விரல் கல்லீரலுக்கு, நடுவிரல் இதயத்துக்கு, மோதிர விரல் நுரையீரலுக்கு, சுண்டுவிரல் சிறுநீரகத்துக்கு. ஆகவே இருமல் என்றதும் முதலில் மோதிர விரலைத்தான் பிடிப்பார்கள்.

அங்கேயே நிற்பதும் இல்லை. "ஐந்து உறுப்பும் ஆறு குடலும் மனிதனை இரும வைக்கும், நுரையீரல் மட்டும் அல்ல" என்று சீன மருத்துவத்தின் மூலநூலான மஞ்சள் பேரரசர் நூலில் ஒரு வரி உண்டு. பிற்காலத்தில் வந்த இன்னொரு வாசகம், "மண்ணீரல் சளியைப் பிறப்பிக்கும் இடம், நுரையீரல் அதைச் சேமிக்கும் பாத்திரம்." இங்கே மண்ணீரல் என்பது அறுவை மருத்துவர் காட்டும் மண்ணீரல் இல்லை, மொத்தச் செரிமானத்துக்கும் அவர்கள் வைத்த பெயர். ராத்திரி பத்து மணிக்கு வறுத்த கோழியும் ஐஸ்கிரீமும் கொடுத்தால் காலையில் சளி கட்டும் என்று நம் பாட்டி சொல்வாரே, ஏறக்குறைய அதேதான். அதனால் சளி இருமலுக்குக் கட்டைவிரலையும் சேர்த்துத் தேய்ப்பார்கள்.

இந்த விரல்-உறுப்புத் தொடர்பை உடற்கூற்றியலில் தேடினால் கிடைக்காது. நரம்போ ரத்தக்குழாயோ அப்படி ஓடவில்லை. இது ஒரு மரபின் வரைபடம். அப்படித் தெரிந்துகொண்டே பயன்படுத்துவது நல்லது.

எல்லா இருமலுக்கும் ஒரே தடவல்தானா?

இல்லை. நல்ல மருத்துவர் கையைத் தொடும் முன் பத்து நிமிடம் கேள்வி கேட்பார். சளி என்ன நிறம், மூக்கு தண்ணீராக ஓடுகிறதா, நாக்கு எப்படி இருக்கிறது, ராத்திரியா விடியற்காலையா, மலம் எப்படிப் போகிறது. அதை வைத்துப் பிரிப்பார்.

மூக்கில் தெளிந்த நீர், வெள்ளைச் சளி, குளிர் நடுக்கம் என்றால் "காற்றுக்குளிர்" இருமல். முன்கையில் கட்டைவிரல் பக்க ஓரமாக மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கித் தள்ளிச் சூடேற்றுவார்கள். மஞ்சள் சளி, தொண்டை வலி, காய்ச்சல் என்றால் "காற்றுவெப்பம்". அதற்கு முன்கையின் உள்பக்கம், நடுக்கோட்டில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அந்தக் கோட்டுக்கு "வானாற்று நீர்" என்று பெயர். வானத்து ஆற்றைத் திறந்துவிட்டுச் சூட்டைத் தணிக்கிறார்களாம். பெயர் வைப்பதில் சீனர்களை மிஞ்ச முடியாது. இவை தவிர நாள்பட்ட சளி இருமல், வாரக்கணக்கில் இழுக்கும் வறட்டு இருமல் என்று வேறு வகைகளும் உண்டு. சூடு, குளிர்ச்சி என்று பேசி வளர்ந்த நமக்கு இந்தப் பாகுபாடு அந்நியமாகத் தோன்றாது.

ஒரு தடவை போனால் என்ன நடக்கும்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சின்ன அறை. மருத்துவருக்கு அறுபது வயதிருக்கும். பையனை என் மடியிலேயே உட்காரச் சொன்னார். இரண்டு கைகளையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு, அவனுடைய இடது கையைத் தன் இடது உள்ளங்கையில் மல்லாத்தி வைத்தார். ஒரு கிண்ணத்தில் இஞ்சிச் சாறு கலந்த தண்ணீர். விரலை அதில் தொட்டார், மோதிர விரலைத் தள்ள ஆரம்பித்தார். உதடு மட்டும் லேசாக அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு நூற்றைம்பது, இருநூறு என்ற வேகம். பார்க்கும்போது விரல் நடுங்குவது போலத்தான் தெரிந்தது. பையன் கையை இழுத்தபோதெல்லாம் "குவாய், குவாய்" என்றார். சமர்த்துப் பிள்ளை என்று அர்த்தம். இழுத்த கையைப் பிடித்து நிறுத்தவில்லை, கூடவே தன் கையும் போனது. எண்ணிக்கை தவறவில்லை.

பிறகு உள்ளங்கையில் வட்டம். உள்ளங்கை நடுவைச் சுற்றி எட்டுத் திசைக் குறிகள் இருப்பதாகக் கொண்டு வட்டமிடுவது, சளியை இளக்கும் என்பார்கள். நடுவிரலின் அடிப்பக்கம் வரும்போது மட்டும் அவர் விரல் மேலோட்டமாகக் கடந்தது. ஏன் என்று கேட்டேன். அது நெருப்புக்குரிய திசை, இதயத்தைக் கிளறினால் பிள்ளை ராத்திரி தூங்காது என்றார். அடுத்து நெஞ்சு நடுவிலிருந்து இரு பக்கமும், கடைசியில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகு. மொத்தம் இருபது நிமிடம். அழுதுகொண்டு வந்தவன் தூங்கிக்கொண்டு போனான். இருமல் நின்றதா என்றால், அன்று ராத்திரி குறைந்தது, மறுநாள் ராத்திரி திரும்பி வந்தது.

வீட்டில் நானே செய்யலாமா?

எளிய தடவல்களைச் செய்யலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருமினால் இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கு, வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் ஆபத்து இல்லாத நான்கை மட்டும் தருகிறேன்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றுங்கள். கை சூடாக இருக்கட்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருமலோடு வாந்தியும் வரும்.

முதலில் இடது கை மோதிர விரல். நுனிப் பகுதியின் உள்பக்கத்தை, உங்கள் கட்டைவிரல் பக்கவாட்டால், ஒரே திசையில் இருநூறு முதல் முந்நூறு தடவை தள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து உள்ளங்கை வட்டம், கடிகாரம் சுற்றும் திசையில் நூறு. மூன்றாவது நெஞ்சு. இரண்டு முலைக்காம்புகளுக்கும் நடுவே இரு கட்டைவிரல்களையும் வைத்து வெளிப்பக்கமாக ஐம்பது தடவை. நான்காவது முதுகு. கழுத்தைக் குனிந்தால் துருத்தும் எலும்பு இருக்கிறதே, அதற்குக் கீழே மூன்றாவது எலும்பின் இரு பக்கமும், முதுகெலும்பைத் தொடாமல், விரல் ஒன்றரை அகலம் தள்ளி, நூறு தடவை வட்டமாகப் பிசையுங்கள்.

தள்ளுவதற்கும் பிசைவதற்கும் வித்தியாசம் உண்டு. தள்ளும்போது விரல் தோல்மேல் வழுக்கிப் போகும், கீழே சதை நகரக் கூடாது. பிசையும்போது விரல் வழுக்காது, தோலையும் சேர்த்துக்கொண்டு வட்டமிடும். நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு, தள்ள வேண்டிய இடத்தில் அழுத்துவது. நான் முதல் வாரம் அப்படிச் செய்து பையன் விரல் சிவந்துபோனது. தோல் சிவந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தொண்டைக்குக் கீழே, கழுத்தெலும்புகள் சேரும் குழியில் அழுத்திச் சளியை வெளியே கொண்டுவருவதாகச் சில காணொளிகள் காட்டுகின்றன. வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். மூச்சுக்குழாய் அங்கேதான் இருக்கிறது.

முதுகுத் தோலைக் கிள்ளி ஏற்றுவார்களே, அது?

வால் எலும்பிலிருந்து கழுத்து வரை தோலை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே போவது. மூன்று கிள்ளு, ஒரு இழுப்பு என்பது கணக்கு. சாப்பாட்டில் விருப்பம் இல்லாத, அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு, நோய் இல்லாத நாட்களில் காலையில் மூன்று முதல் ஐந்து தடவை செய்வார்கள். காய்ச்சலும் இருமலும் உச்சத்தில் இருக்கும்போது செய்வதில்லை. என் பெண்ணுக்கு இது கூச்சம் தாங்காது, சிரித்துச் சிரித்தே பாதியில் ஓடிவிடுவாள்.

எந்தத் திசையில் தள்ளுவது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

உங்களுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறது. விரல் நுனியை நோக்கித் தள்ளினால் தணிக்கும், உடம்பை நோக்கித் தள்ளினால் ஊட்டும் என்பது ஷான்டோங் மாநிலத்தின் சிங்தாவ் மரபு. நுனியிலிருந்து விரலடிக்கு நேராகத் தள்ளுவதே தணிப்பு, ஊட்டுவதற்கு வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று வேறு பாடநூல்கள் சொல்கின்றன. ஹூனான், பெய்ஜிங், ஷாங்காய் என்று ஊருக்கு ஒரு மரபு. சிங்தாவ்காரர்கள் இரண்டு மூன்று இடங்களை மட்டும் எடுத்து வெகுநேரம் தள்ளுவார்கள். வேறு சிலர் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தொடுவார்கள்.

எதிரெதிர்த் திசையில் தள்ளுகிற இரண்டு பேரும் பிள்ளை தேறிவிட்டது என்கிறார்கள் என்றால், தேறுவதில் திசைக்குப் பெரிய பங்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. என் ஆசிரியர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கற்ற ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், திசை மாறிவிட்டதே என்று ராத்திரி முழுக்கக் கவலைப்பட வேண்டாம்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா? ஆய்வு ஏதாவது உண்டா?

சீனாவில் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை. பலவற்றில் துய்னாவோடு மருந்தும் கொடுத்திருப்பார்கள், எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. யாருக்குத் தடவினார்கள், யாருக்குத் தடவவில்லை என்பதைப் பெற்றோரிடம் மறைக்கவும் வழியில்லை. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், பலன் இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் நம்பகம் குறைவு என்ற அளவில்தான் நிறுத்துகிறார்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சளியோடு வரும் சாதாரண இருமல், ஒன்றும் செய்யாமலே விட்டால், பாதிப் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் நிற்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு நிற்க ஏறத்தாழ 25 நாள் ஆகிறது. நாம் வைத்தியரிடம் ஓடுவது எப்போது? ஏழாவது, எட்டாவது நாள், பொறுமை போன பிறகு. அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் பலித்ததுபோலத்தான் தோன்றும். துய்னாவுக்கும் அதுதான், ஓமவல்லிச் சாற்றுக்கும் அதுதான்.

பிறகு ஏன் நான் இன்னும் செய்கிறேன்? பதினைந்து நிமிடம் இருட்டில் கையைப் பிடித்துத் தேய்த்தால் பிள்ளை அமைதியாகிறது, அழுகையும் படபடப்பும் அடங்குகிறது. அழுதால் இருமல் கூடும் என்பது எல்லா அம்மாவுக்கும் தெரியும். அந்த அளவுக்கு இது உதவுகிறது. கிருமியைக் கொல்கிறது, நுரையீரலைச் சுத்தப்படுத்துகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைக்குழந்தையின் நுண்மூச்சுக்குழல் அழற்சிக்கு (பிராங்கியோலைட்டிஸ்) மருத்துவமனையில் நெஞ்சைத் தட்டும் பயிற்சியைக்கூட ஆராய்ந்து பார்த்து, அதனால் பலன் இல்லை என்று கைவிட்டிருக்கிறார்கள். முதுகில் தொம்தொம்மென்று தட்டும் தாத்தாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எத்தனை வயது வரை?

கைப் புள்ளிகள் ஐந்தாறு வயது வரைதான் நன்றாகக் கேட்கும் என்பார்கள். அதற்கு மேல் முதுகு, கால் என்று மாறிவிடும். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பெரியவர்கள் முறை.

என்ன தடவிக்கொள்வது? கோடாலித் தைலம் போடலாமா?

பழைய முறையில் இஞ்சிச் சாறு, வெங்காயத்தாள் சாறு, முட்டை வெள்ளைக்கரு, குளிர்ந்த நீர், டால்கம் பவுடர் எல்லாம் உண்டு. பவுடர் வேண்டாம். இருமுகிற பிள்ளையின் மூக்கருகே தூசி பறக்க விடுவதில் அர்த்தமே இல்லை. இஞ்சிச் சாறு பிஞ்சுத் தோலில் எரியும், கண்ணைத் தேய்த்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். வெறும் தண்ணீரோ இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ போதும்.

கோடாலித் தைலம் இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது. அது பெரியவர்களுக்கு. கற்பூரமும் மென்தாலும் கலந்த எதையும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் போடக் கூடாது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி ஒன்று குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு எந்த வயதிலும் கற்பூரம், அந்துருண்டை இரண்டும் ஆகாது, ரத்த அணுக்கள் சிதையலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்துவருகிறார்கள், உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதியிருக்கும். அந்தக் குறைபாடு இருந்தால் சீன மூலிகைக் கடையிலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். ஹுவாங்லியன் என்ற மூலிகையைப் பழைய வழக்கப்படி பிறந்த குழந்தைக்குக் கொடுப்பார்கள், குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

பத்துத் தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

நான் கட்டினேன். வேறு ஓர் இடத்தில், பெயர் வேண்டாம். முதல் நாளே நாக்கைக்கூடப் பார்க்காமல் "மண்ணீரல் பலவீனம், பத்துத் தடவை வர வேண்டும்" என்றார்கள். மூன்றாவது தடவைக்குள் இருமல் நின்றுவிட்டது. மிச்சப் பணம் திரும்பவில்லை. அடுத்த இருமலுக்குப் பயன்படுத்தலாம் என்று போனால், தவணை முடிந்துவிட்டதாம். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கும் இடத்துக்குப் போங்கள்.

செய்பவர் தகுதி உள்ளவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிங்கப்பூரில் 2000-இல் வந்த சட்டப்படி சீன மருத்துவர்களும் அக்குபஞ்சர் செய்பவர்களும் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். துய்னா மட்டும் செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் பதிவு பெற்ற சீன மருத்துவரே துய்னாவும் செய்கிறாரா என்று கேளுங்கள், பதிவேட்டில் பெயரைத் தேடலாம். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் இருக்கிறது. சான்றிதழைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று: "இதை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று சொல்லத் தெரிந்தவரா?

சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

"பிள்ளை நலமாக இருக்க வேண்டுமா, எப்போதும் பத்துக்கு மூன்று பங்கு பசியும் குளிரும் இருக்கட்டும்" என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. வயிறு முட்ட ஊட்டாதே, போர்த்திப் போர்த்தி வேர்க்க வைக்காதே என்று பொருள். வறட்டு இருமலுக்குப் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு அவித்துக் கொடுப்பார்கள். ஆரஞ்சுப் பழத்தின் தலையைச் சீவி, உப்புத் தூவி ஆவியில் வேக வைப்பதும் உண்டு. ருசி சுமார்தான். படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் இரவு இருமலைக் குறைக்கும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரமே இருக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். பெய்பா கோ என்ற சீன இருமல் பாகிலும் தேன் இருக்கிறது.

துய்னா செய்தால் மருந்தை நிறுத்திவிடலாமா?

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைக்கு ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பாதியில் விடாதீர்கள். கடையில் வாங்கும் இருமல் சிரப் கதை வேறு. 2025 அக்டோபரில், நச்சு கலந்த சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த சமயத்தில், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ தரவோ கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று இந்திய அரசு அறிவுறுத்தியது. அந்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. ஊரிலிருந்து பெட்டியில் சிரப் கொண்டுவரும் உறவினர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

எப்போது தடவிக்கொண்டு உட்காரக் கூடாது?

பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் மருத்துவரிடம் போங்கள். உலகச் சுகாதார நிறுவனம் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரும் கணக்கு இது. என்னைக் கேட்டால் எல்லாத் தடவலுக்கும் முன்னால் கற்க வேண்டியது இதைத்தான்.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, பால் குடிக்க முடியாமல் துவள்வது, நாய் குரைப்பது போன்ற இருமலோடு மூச்சில் கரகரப்பு, இருமி முடித்ததும் கூவுவது போன்ற இழுப்பு: இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. உதடு நீலமானால் ஆம்புலன்ஸை அழையுங்கள்: சிங்கப்பூரில் 995, தமிழ்நாட்டில் 108. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை கடலையோ பாசிமணியோ வாயில் போட்ட பிறகு திடீரென இருமினால், இருமல் அடங்கிவிட்டாலும் கூட்டிப் போங்கள், உள்ளே போயிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்து, எடையும் குறைந்தால் காசநோய்ச் சோதனை தேவைப்படலாம். தோலில் புண், சிரங்கு, அம்மைக் கொப்புளம் இருந்தாலும் தடவல் வேண்டாம்.

கையைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறாளே?

தூங்கிய பிறகு செய்யுங்கள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மெல்ல எடுத்து, விரலைப் பிடித்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் இப்போது பெரியவனே தங்கையின் மோதிர விரலைப் பிடித்து எண்ணுகிறான். முப்பது வரைதான் அவனுக்கு வரும். அதற்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.